மேற்கே சூலம்

என் அப்பா கர்நாடக அரசின் சர்வே இலாகாவில் காலம் முழுக்க நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அளக்க நிலம் இல்லாமல் போயிற்று, பழக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் வாசலிலிருந்து பால் பூத் எத்தனை அடி, சர்ச் எத்தனை அடி, கறிக்கடை எத்தனை அடி என்று யார் கேட்டாலும் சொல்வார். யாரும் கேட்டதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் என் அக்கா கர்ப்பமானபோது அவருக்கு அளக்க அமெரிக்கா கிடைத்தது.

நாங்கள் இருந்தது ஜீவனஹள்ளிக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கும் நடுவே ஒரு தெருவில். கல்யாணப் பேச்சு வந்தால் ரிச்சர்ட்ஸ் டவுன் என்போம், குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஜீவனஹள்ளி என்போம். அக்கா கல்யாணமாகிக் கலிபோர்னியா போய்விட்டாள். அத்தான் நல்ல மனிதர்தான், ஆனால் ஷேவிங்கில் கீறிக்கொண்டாலே உட்கார்ந்துவிடுகிறவர். அவரை நம்பிப் பிரசவ அறைக்குள் போக அக்கா தயாராக இல்லை. "அம்மா வரணும். வலி வர்றதுக்கு முன்னாடி வரணும்" என்று போனில் சொன்னாள். அதற்கு மேல் பேச முடியாமல் ரிசீவரை அத்தானிடம் கொடுத்துவிட்டாள். அத்தானும் அழுதார்.

அம்மாவுக்கு வேறு யாரும் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அக்காவைப் பெற்றபோது அம்மாவின் பக்கத்தில் சொந்தமென்று ஒருவரும் இல்லை. அப்பா சித்ரதுர்கா பக்கம் ஏதோ ஏரிக்கரையை அளந்துகொண்டிருந்தார், தந்தி கிடைத்து வந்து சேர்வதற்குள் அக்கா தொட்டிலில் இருந்தாள். அந்த ஏரியின் பரப்பளவை அப்பா பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். என் மகளுக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். விசா வருவதற்கே தாமதமாகி, டாக்டர் சொன்ன தேதி நெருங்கி வந்திருந்தது.

ஃபிரேசர் டவுனில் ஒரு பேக்கரியின் மாடியில் டிராவல் ஏஜென்ட் இருந்தார். டிக்கெட் வாங்கச் சின்ன மகளான நானும் அப்பாவும் போனோம். அப்பா போகும்போது சும்மா போகவில்லை. அக்கா பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய பிளாஸ்டிக் பூமி உருண்டை ஒன்று பரணில் கிடந்தது. அதில் சோவியத் யூனியன் இன்னும் ஒன்றாகத்தான் இருந்தது. அம்மா பூ கட்டும் நூலை எடுத்து, ஒரு முனையைப் பெங்களூரிலும் மறு முனையைக் கலிபோர்னியாவிலும் வைத்து இழுத்துப் பிடித்து, அளந்து, பெருக்கி, விமானத்தின் வேகத்தால் வகுத்து, விடையைக் கையில் வைத்திருந்தார். அவர் கணக்குப்படி அம்மா ஒரு பகலும் கொஞ்சம் ராத்திரியும் பறந்தால் போதும். ஏஜென்ட் சொன்னதோ, முழுதாக ஒரு நாளைத் தாண்டியது.

"உளித டைம் எல்லி ஹோய்த்து?" என்று அப்பா கன்னடத்தில் கேட்டார். மிச்ச நேரம் எங்கே போயிற்று என்று அவர் கேட்ட தொனியில், ஏஜென்ட் அதை மேஜை டிராயரில் ஒளித்து வைத்திருக்கிறார் என்ற சந்தேகம் இருந்தது.

ஏஜென்ட் பொறுமைசாலி. "சார், பெங்களூர்லேந்து நேரா ஃபிளைட் இல்ல சார். சாயந்திரம் இங்கேந்து பாம்பே. அங்க காத்திருக்கணும். நடுராத்திரி தாண்டி பெரிய ஃபிளைட். அது ஐரோப்பால நிக்கும், அங்கயும் காத்திருக்கணும். மாத்தி ஏறணும் சார்."

"அப்ப பறக்கற நேரத்தை விட உக்கார்ற நேரம் ஜாஸ்தியா?"

"கிட்டத்தட்ட சார்."

"அதுக்கு எதுக்கு விமானம்? மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட்லயே உக்காரலாமே" என்றார் அப்பா.

இடம் இருந்தது ஒரு வெள்ளிக்கிழமை மட்டும்தான். அதை விட்டால் இரண்டு வாரம் கழித்துத்தான், அதற்குள் பிள்ளை பிறந்து பேர் வைத்து முடிந்துவிடும். அதையே எடுத்தோம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நாளைச் சொன்னதும் அவள் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். வெள்ளி: சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம். அன்றைக்கு மேற்கே பயணம் போகக் கூடாது, போயே தீர வேண்டுமென்றால் வெல்லம் தின்றுவிட்டுப் போகலாம் என்று அர்த்தம். பரிகாரம் இல்லாத தோஷத்தை நம் ஆட்கள் கண்டுபிடித்ததே இல்லை.

அப்பாவுக்கு இது அவமானமாகப் போயிற்று. சூலத்தைப் பற்றி அல்ல, திசையைப் பற்றி. "அமெரிக்கா மேற்குன்னு யார் சொன்னது?" என்று உருண்டையைக் கொண்டுவந்தார். நூல் சீனா வழியாக ஏறி, சைபீரியாவைத் தாண்டி, அலாஸ்காவில் இறங்கியது. "பாரு. வடக்கு."

"வழியில ஐரோப்பால நிக்குதுன்னு சொன்னீங்களே. ஐரோப்பா மேற்குதானே?" என்றாள் அம்மா.

"அது ஃபிளைட் போற வழி. நான் சொல்றது அமெரிக்கா இருக்கற திசை."

"நான் ஃபிளைட்லதாங்க போறேன். நூல்ல போகல."

நான் சிரித்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் சைபீரியாவே இருந்தது. ஆனாலும் தோற்றுப்போகிற ஆள் இல்லை அவர், வழக்கில் சிக்கிய நிலத்தையே அளந்து பழகியவர். இரண்டு நாள் யோசித்து ஒரு தீர்ப்போடு வந்தார். பம்பாய் வரைக்கும் போவது பயணமே அல்ல, அது நம் நாட்டுக்குள் நடமாடுவது. உண்மையான பயணம் பம்பாயில் பெரிய விமானம் ஏறும்போதுதான் ஆரம்பிக்கிறது. அது நடுராத்திரி தாண்டி, ஆகவே சனிக்கிழமை. சனிக்கிழமை சூலம் கிழக்கு. நாம் போவது மேற்கோ வடக்கோ, கிழக்கு இல்லை. தோஷம் தீர்ந்தது.

அன்று முதல் தெருவில் யார் கேட்டாலும் "சனிக்கிழமை கிளம்பறா" என்றுதான் சொன்னார். இஸ்திரி போடுகிறவர், பேப்பர் போடுகிறவர், கறிக்கடைக்காரர் எல்லாருக்கும் சனிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை என்று நான் திருத்தினால், "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்பார்.

அம்மா இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் தன் பங்குக்கு இரண்டு ஏற்பாடு செய்தாள். ஒன்று, வெள்ளிக்கிழமை வாசலைத் தாண்டும்போது ஒரு துண்டு வெல்லம் தின்பது. இரண்டு, பரஸ்தானம் வைப்பது. அதாவது, கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் நல்ல நேரத்தில், பயணத்தில் கூட வரப்போகிற பொருள் ஒன்றை வீட்டை விட்டு வெளியே அனுப்பி வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அந்தப் பொருள் திரும்ப நம் வீட்டுக்கு வரக் கூடாது, கிளம்பும்போது போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை சூலம் தெற்கு. தெற்கு வழியாக அமெரிக்கா போகிறவர் யாரும் இல்லை என்பதில் அப்பாவும் அம்மாவும் ஒத்துப்போனார்கள்.

எங்கள் வீட்டுப் பரஸ்தானமெல்லாம் எதிர் வீட்டு டீச்சரிடம்தான் போகும். அவர் மிஷன் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர், கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தார். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் அவள் புடவை ஒன்று, நான் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது என் சான்றிதழ்கள், எல்லாம் அவர் வீட்டு ஏசு படத்துக்குக் கீழே ஓர் இரவு தங்கிப் போனவைதான். "உங்க ராகுகாலத்துக்கு எங்க ஆண்டவர் வாட்ச்மேனா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கி வைப்பார்.

எதை வைப்பது என்பதில்தான் வினை வந்தது. பெட்டிகள் இரண்டும் திறந்து கிடந்தன. ஒன்றில் பிரசவ லேகியம், மிளகாய்ப் பொடி, வசம்பு, பழைய வேட்டியைக் கிழித்த துணிகள் எல்லாம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. புடவை ஒன்றை வைக்கலாம் என்றாள் அம்மா. அப்பா கூடாது என்றார். "புடவை இல்லாட்டி அமெரிக்காவுக்குள்ள விடுவான். பாஸ்போர்ட் இல்லாட்டி விடமாட்டான். உண்மையில பயணம் போறது பாஸ்போர்ட்தான். நாம அது கூடப் போறோம்." சட்டப்படி பார்த்தால் தப்பே சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில் டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா ஒரு கிண்ணத்தில் கேசரி எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கிண்ணம் கையிலேயே இருந்தது.

"பூட்டியிருக்கு" என்றாள்.

பக்கத்து வீட்டில் விசாரித்தோம். டீச்சரின் தம்பி மகளுக்கு அத்திபெலேயில் நிச்சயதார்த்தம். காலையிலேயே போயாயிற்று, ராத்திரிதான் வருவார். "'சார் பொண்டாட்டி நாளைக்குத்தான் கிளம்பறாங்க, அதுக்குள்ள வந்துடுவேன்'னு சொல்லிட்டுப் போனாங்களே" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் திறந்திருந்தது. கம்பி வழியாகப் பார்த்தால் ஹாலில் ஏசு படமும், அதற்குக் கீழே மேஜையும், மேஜை மேல் மஞ்சள் பையும் தெரிந்தன. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், எங்களுக்குக் கைக்கே எட்டவில்லை. அப்பா ஒட்டடைக் கம்பைக் கொண்டுவந்தார். கம்பியின் வழியாக விட்டு, ஒரு கண்ணை மூடி, குறி பார்த்து, பையின் காதில் மாட்டப் பார்த்தார். பை மேஜையிலிருந்து நழுவி நாற்காலிக்குப் பின்னால் விழுந்தது. இப்போது அது கண்ணுக்கும் தெரியவில்லை.

"பூட்டை உடைங்க" என்றாள் அம்மா.

"அடுத்தவங்க வீட்டுப் பூட்டு. அதுவும் ஒரு பொம்பளை தனியா இருக்கற வீடு."

"எம் பொண்ணும் தனியாத்தாங்க இருக்கா."

நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன். நேரம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கணக்குப் போடவில்லை, அந்த வீட்டில் அது நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பெங்களூரிலிருந்து பம்பாய்க்குப் பறக்க ஒன்றரை மணி நேரம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அத்திபெலே எங்கள் மாநிலத்தில் கடைசியாகக் கால் வைக்கும் இடம், ஒசூருக்கு முந்தின ஊர், அவ்வளவுதான், அதற்கே எனக்கு அந்த நேரம் பிடித்தது. ஒசூர் ரோட்டில் அன்றைக்கு என் முன்னால் போன லாரிக்காரர்கள் யார் வீட்டிலும் பிரசவம் இல்லை. பொம்மனஹள்ளியில் ஒரு டிராக்டர் நடுரோட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. நான் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகத் திட்டினேன். அப்பாவை, பூமி உருண்டையை, சோவியத் யூனியனை, சூலத்தைக் கண்டுபிடித்தவரை, யாரையும் விடவில்லை. அந்த வயதில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் குறைவு, ஆனேக்கல் திருப்பத்துக்குள் தீர்ந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அத்திபெலேயில் டீக்கடையில் நிறுத்தித் தமிழிலேயே கேட்டேன். டீச்சரின் தம்பி அங்கே சிமென்ட் கடை வைத்திருந்தார், அதனால் ஊருக்கே அந்த நிச்சயதார்த்தம் தெரிந்திருந்தது. சர்ச் ஹாலில் பட்டுப்புடவையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சர், தூசி படிந்த என்னைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார்.

"யாருக்கு என்ன ஆச்சு கண்ணு?"

சொன்னேன். "சனிக்கிழமைன்னு உங்கப்பாதானே சொன்னாரு?" என்றார். "மூணு தரம் சொன்னாரு. நான் வெள்ளிக்கிழமையான்னு கேட்டதுக்கு, இல்லவே இல்லன்னாரு." பிறகு மேடையைத் திரும்பிப் பார்த்தார். மோதிரம் இன்னும் மாற்றவில்லை. "சரி, அதுங்க மாத்திக்கும். வண்டியை எடு."

பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளையும் மறு கையால் சாவியையும் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க ஜெபம் செய்துகொண்டே வந்தார். லாரி நெருங்கும்போது மட்டும் ஜெபம் சத்தமாகும். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. விமானம் கிளம்பப்போகிற நேரம் நெருங்கிவிட்டது, எங்களுக்கு இன்னும் பாதி ஊர் பாக்கி இருந்தது. அம்மா போகவில்லை என்றே நினைத்தேன். அக்கா போனில் அழுத அழுகை காதில் கேட்டது, எனக்கும் கண் கலங்கிச் சாலை தெரியாமல் போயிற்று. டீச்சர் தோளை அழுத்தினார். "முன்னாடி பாரு கண்ணு. கர்த்தர் அம்மாவைப் பாத்துக்குவார், உன்னை நீதான் பாத்துக்கணும்."

தெருவுக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்திருந்தது. டீச்சர் வீட்டு வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. பூட்டு உடைந்து தாழ்ப்பாளில் தொங்கியது. வாசற்படியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எங்கள் வீட்டு அம்மிக்குழவி கிடந்தது.

"போயிட்டாளா?" என்று கேட்டேன்.

"போயிட்டா. டாக்ஸிக்காரன் வந்துட்டான். ஏர்போர்ட் பக்கந்தானே, கடைசி நிமிஷத்துல உள்ள விட்டுட்டாங்களாம். டாக்ஸிக்காரன் திரும்பி வந்து சொல்லிட்டுப் போனான்." அப்போது விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்தது. இப்போது போல் தேவனஹள்ளியில் இருந்திருந்தால் அவ்வளவுதான்.

"நீங்க ஏன் கூடப் போகல?"

"கதவை உடைச்சுட்டு எப்படி வர்றது? டீச்சர் வீடு திறந்து கிடக்குதே."

அப்பா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் போன பிறகு அம்மா உள்ளே போய், குழவியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்திருக்கிறாள். அவள் கையிலிருந்து அப்பா அதை வாங்கினார். ஒரே அடி. அது சரியாக யமகண்டத்தில் நடந்தது, அது அவருக்கும் தெரியும். பையை எடுத்துக் கொடுத்துப் பெட்டிகளை ஏற்றி அனுப்பிவிட்டார். மைசூருக்குக்கூடத் தனியாகப் போகாதவள் அம்மா. ஒரு மாதமாக அமெரிக்காவை அளந்த அப்பா, டாக்ஸி தெருமுனை திரும்புவதை எதிர் வீட்டுப் படியிலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

டீச்சர் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "என் வீட்டுக்காரர் வாங்கினது. திருடனே உடைக்க முடியாதுன்னு கடைக்காரன் சொன்னானாம்" என்றார். "திருடன் சர்வே இலாகாவுல இல்ல போல."

அப்பா சிரிக்கவில்லை. உள்ளங்கையைத் திறந்து காட்டினார். வேர்வையில் ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு வெல்லம்.

"குடுக்க மறந்துட்டேன்" என்றார். "கையிலதான் வச்சிருந்தேன். குழவியைத் தூக்கறப்ப மடியில போட்டேன். வண்டி போனப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு."

உண்மையான பயணம் சனிக்கிழமைதானே என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். டீச்சர்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். "வெல்லத்துக்குப் பதிலா நான் ஜெபம் பண்றேன் சார்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "மேற்கு பாத்துப் பண்ணுங்க டீச்சர்" என்றார்.

அந்த வெல்லத்தை அவர் தூக்கிப் போடவில்லை. ஒரு தட்டில் வைத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். எறும்பு வந்ததும் தட்டைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினார். சனிக்கிழமை முழுவதும் நூலையும் தொடவில்லை, உருண்டையையும் தொடவில்லை. அம்மா இப்போது எங்கே இருப்பாள் என்று நானே கேட்டுப் பார்த்தேன், தெரியலை என்றார். அவர் வாயிலிருந்து ஒரு தூரத்தைப் பற்றி அப்படி ஒரு பதில் வந்து நான் கேட்டதில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வெல்லத்தை நம்புகிறவளா நான்? இல்லை. ஆனால் அந்தத் தட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தண்ணீர் வற்றிவிட்டதா என்று குனிந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அம்மாவின் குரல் பக்கத்துத் தெருவிலிருந்து வருவது போலத் தெளிவாக இருந்தது. விமான நிலையத்துக்கு அத்தான் வரவில்லை, அவருடைய நண்பர் ஒருவர் வந்து நேராக ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போயிருக்கிறார். அக்காவுக்கு வலி வந்திருந்தது. அம்மா போய்க் கையைப் பிடித்த கொஞ்ச நேரத்தில் பிறந்துவிட்டதாம். "கூடவே இருந்தேன்டி" என்றாள். "நான் அவ பக்கத்துலயேதான் இருந்தேன்." அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். அத்தான் வெளியே பெஞ்சில் படுத்திருக்கிறாராம், அவருக்குத்தான் நர்ஸ் தண்ணீர் தெளித்தாளாம்.

அப்பா ரிசீவரைப் பிடுங்கினார். நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டேன்.

"வெல்லம்" என்றார் அப்பா.

"என்னது?"

"வெல்லம் குடுக்க மறந்துட்டேன்."

"எனக்கும் பாம்பேலதாங்க ஞாபகம் வந்துச்சு. பெரிய பிளேன்ல ஏறினதும் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். அவளுக்கு வெல்லம்னா என்னன்னு தெரியல. காப்பிக்குப் போடற சர்க்கரைப் பொட்டலம் குடுத்தா. பிரிச்சு வாயில போட்டுக்கிட்டேன்."

"சர்க்கரை கணக்குல வருமா?"

"நீங்க அங்க சாப்பிடாம உக்காந்திருப்பீங்கன்னுதான் போட்டுக்கிட்டேன். வரும்னு வச்சுக்கோங்க."

அப்பா தட்டிலிருந்த வெல்லத்தை எடுத்து, ஒட்டியிருந்த எறும்பு ஒன்றை ஊதிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார். அது கரைந்து தொண்டைக்குள் இறங்கும் வரை அந்தப் பக்கம் அம்மா காத்திருந்தாள். அதற்கப்புறம்தான் கேட்டார்.

"கொழந்த பொண்ணா, பையனா?"